காராமணி மூடிய கொல்லை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடல் பக்கமாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கொல்லை. இரு பக்கமும் இறால் குளங்கள் வந்த பிறகு, கோடையில் மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியது. முதலில் நெல் போயிற்று, பிறகு மிளகாய். போன ஆனியில் நானும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தோம்: இந்த ஒரு வருடம் கத்தரி போட்டுப் பார்ப்பது, அதுவும் நிற்காவிட்டால் நிலத்தைக் குளத்துக்காரரிடம் விட்டுவிடுவது.

வெயில் நேராக மண்ணில் படாவிட்டால் உப்பு மேலே ஏறுவது குறையும் என்று படித்திருந்தேன். அந்த ஆனியிலேயே பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். மழை ஓய்ந்த மார்கழியில் கத்தரி நட்டு, வரிசைகளுக்கு நடுவே மண்ணை மூடக் காராமணி தூவினோம். பொங்கல் கழிந்து சில நாளில் கொல்லையில் மண்ணே தெரியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் ஆபீசுக்குப் பஸ் பிடிக்கும் முன் இலைகளை விலக்கி விரலை வைப்பேன். ஈரமாக இருக்கும். ஒருநாள் மனைவி அந்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, “கரிக்கல” என்றாள்.

தை கடைசி ஞாயிறு மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளி நான் ஆபீசில். மனைவியும் மகளும் சிதம்பரத்தில் புடவைக் கடையில். மாலையில் திரும்பினால், கொல்லையில் கத்தரி மட்டும் நின்றது. நடுவில் வழித்தெடுத்த வெறும் மண். காராமணி வரப்பில் குவிந்து வாடிக் கிடந்தது. மனைவியின் அண்ணன் ஆள் கூட்டி வந்து கொத்திவிட்டிருந்தார். செடிகளுக்கு நடுவே மண் சுத்தமாகத் தெரிந்தால்தான் எங்கள் பக்கம் அது நல்ல குடும்பம்.

“இன்னா மாப்ள, அசந்துட்டியா? வர்றவங்க அந்தக் காட்டப் பாத்தா, இந்த ஊட்டுப் பொண்ணுக்குத் தொடப்பம் புடிக்கவாச்சும் தெரியுமான்னு கேப்பாங்க.”

“அது களை இல்ல மச்சான். நாங்க போட்டது.”

“கத்தரிக்குள்ள காராமணிய எவன்யா போடுவான்? வெத சிந்திப்போச்சுன்னு நெனச்சேன்.” சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். மனைவி அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொல்லைப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு வந்தவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பின்பக்கம் ஒருவரும் வரவில்லை.

மறுபடியும் விதைத்தேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. முளைகள் தலைகாட்டிக் கருகின. கத்தரி இலைகள் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தன.

மாசி மகத்துக்குக் கடலில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் மச்சான் வந்தார். ஈர வேட்டியோடு கொல்லையோரம் நின்று, வெள்ளை பூத்திருந்த மண்ணைப் பார்த்தார்.

“சுண்ணாம்பு போட்டியா மாப்ள? கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல.”

மனைவி குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாக்கில் வைத்தாள். துப்பிவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“குளத்துக்காரருக்கு போன் பண்ணிடுங்க” என்றாள்.