மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நிலக்கரி மின்நிலையத்தில் அவரைக் ‘காதுக்காரர்’ என்பார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டால் போதும். எந்தப் பேரிங் இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடம் இப்படிக் கேட்ட காதுக்கு, மனைவி பேசுவது மட்டும் இரண்டாம் முறைதான் விழும்.

மனைவிக்கு அதே ஊர் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. காலையில் துணி காயப்போடுமுன் பின்கதவைத் திறந்து மின்நிலையத்துப் புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் துணி உள்ளேயே காயும். கணவரின் உழைப்பு தன் வெள்ளைக் கோட்டில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வதும் ஒரு குடும்பப் பொறுப்புதான்.

பிறகு மாகாண அரசு சுத்தமான காற்றுக்கு நாள் குறித்து, மின்நிலையத்தை மூடியது. ஒருவருக்கும் வேலை போகாது என்று கொள்கை அறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். போகவும் இல்லை. அதே சம்பளத்தில் அவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து பேருந்தில் ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான். மனைவியின் வேலைக்கோ அந்தப் பக்கம் ஓர் ஆய்வகமும் கிடையாது.

பழைய இருமல் ஒரே மாதத்தில் நின்றுபோனது. இருமினால் அடுக்களையிலிருந்து வரும் “தண்ணியக் குடிங்க” என்ற அதட்டலும் கூடவே நின்றது. அவருக்கு எது அதிகம் உறுத்தியது என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

தினமும் காலை ஆறு மணிக்கு மனைவி போன் செய்வாள்.

“காத்து எந்தப் பக்கம்?”

“அங்க இப்பதான் புகையே இல்லையே. உனக்கு எதுக்கு?”

“பழகிப்போச்சு. சொல்லுங்க.”

அவர் ஜன்னல் வழியே காற்றாடியைப் பார்த்துச் சொல்வார். ஒன்பது மணி நேரத் தொலைவில் வீசும் காற்றை வைத்து வீட்டில் துணி காயப்போடுவது எந்த விஞ்ஞானத்திலும் சேராது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது தெரியாமலும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, பழைய நிலக்கரிக் கிடங்கு இருந்த இடத்திலேயே மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிலையம் வந்தது. பழைய ஊழியர்களுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். எழுத்துத் தேர்வில் அவர்தான் முதல். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. மனைவி அலமாரியில் பாதியைக் காலி செய்துவைத்தாள்.

தேர்வன்று பேட்டரிகள் அடங்கிய ஆளுயர இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு இப்பால் ஒரு கணினித் திரை. தேர்வாளர் அவரைவிட இருபது வயது இளையவள்.

“நாலாவது பெட்டி நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க, சார்.”

திரையைத்தான் பார்க்க வேண்டும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். எழுத்துத் தேர்வில் எழுதியும் இருந்தார். ஆனால் கை சட்டைப்பைக்குப் போயிற்று. இரண்டே எட்டில் கோட்டைத் தாண்டி, ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் ஊன்றி, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார்.

“சார்! வெளிய வாங்க! இரும்பை எடுங்க முதல்ல!”

வழக்கம்போல் இரண்டாம் முறைதான் அவர் காதில் விழுந்தது. கோட்டைத் தாண்டினால் தேர்வு முடிந்தது என்பது விதி. பாவம், அவளால் அதை மாற்ற முடியாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“சரி, உள்ள என்னதான் கேட்டுச்சு?”

“ஒண்ணுமே கேக்கலை.”

“அதைக் கேக்கவா கோட்டைத் தாண்டினீங்க?”

இருவரும் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

அவர் பையில் துணியை அடுக்கும்போது, திறந்திருந்த அலமாரியைக் கையால் காட்டினார்.

“உன் சாமானைத் திரும்ப வச்சுக்கோயேன்.”

“இருக்கட்டும். காலி இடம் என்ன சோறா கேக்குது?”

அடுத்த தேர்வு எப்போது என்று அறிவிப்பில் இல்லை. மறுநாள் காற்றாலைக் குடியிருப்பில் அவர் பையைக்கூடப் பிரிக்கவில்லை, ஆறு மணிக்குப் போன் வந்தது.

“காத்து எந்தப் பக்கம்?”

அவர் காற்றாடியைப் பார்த்தார். அது அசையாமல் நின்றது.

“வீட்டுப் பக்கம்,” என்றார்.

“அப்ப வரட்டும், வெளியவே போடறேன்,” என்றாள் மனைவி. இந்த முறை அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது.