நான் இழுக்காத கயிறு

எனக்கு அப்போது இருபது வயது. நானும் சேவியரும் சேர்ந்துதான் சங்கு எடுக்கப் போவோம். அவன் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குவான்; அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்திலிருந்து நான் பிடித்திருப்பேன். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. கல்யாணமாகாத சேவியர் என்னை நம்பினான்.

ஒருநாள் என் தங்கை ரீட்டாவின் போனில் அவன் அனுப்பிய மெசேஜ்களைப் பார்த்துவிட்டேன். ஒரு வருடமாகப் பழகியிருக்கிறார்கள். இருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை அவன் இறங்கினான். கயிறு அசைந்தது. நான் இழுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி வேகமாக அசைந்தது. பிறகு அசையவே இல்லை. அப்போதுதான் பதறி இழுத்தேன்.

மூக்கில் ரத்தம் வழிய, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான்.

"கயிறு பாறையில சிக்கிட்டோ மக்கா?" என்று கேட்டான்.

"ஆமாலே" என்றேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து ரீட்டா விஷயத்தைத் தானாகவே சொல்லி, "உங்கிட்ட மறைச்சது தப்புதாம்ல" என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

இப்போது அவன் ரீட்டாவின் கணவன். கயிறு இன்றும் என் கையில்தான். "நான் இன்னும் அசைக்கவே இல்லையே, ஏம்ல இழுக்குத?" என்று அடிக்கடி சலித்துக்கொள்கிறான். அன்று அசைத்ததற்குத்தான் இழுக்கிறேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.