தெற்கே சூலம், ரோமுக்கு மலிவு டிக்கெட்

நான் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் கரும்பலகையில் ரோமாபுரியை வரைந்து காட்டியவர். வந்து இறங்கியதிலிருந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். ஊர் திரும்புவதற்குள் ரோமைப் பார்த்துவிட வேண்டும்.

விமானத்தில் போனால் பக்கம்தான். ஆனால் மலிவு டிக்கெட் தேடுவதைப் போல மனுஷரை நோகடிக்கிற வேலை வேறில்லை. திரையில் முதலில் காட்டுவது ஒரு விலை. பெயரை அடித்து முடிப்பதற்குள் அது ஏறிவிடும். பெட்டிக்குத் தனிக் காசு, பக்கத்துப் பக்கத்தில் உட்காரத் தனிக் காசு. வாரக் கடைசி என்றால் கையைக் கடித்தது. கடைசியில் ஒரு வியாழக்கிழமைக் காலை விமானம் சிக்கியது. தேதி மாற்ற முடியாது, பணம் திரும்ப வராது. அதற்கும் தலையாட்டிப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

“வியாழக்கிழமை தெற்கே சூலமாச்சேம்மா. ரோம் இங்கேருந்து தெக்கதானே இருக்கு?”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! ஆற்றில் தண்ணீர் வந்து ஊரே விதை தெளித்துக்கொண்டிருந்தாலும் நாள் பார்த்துத்தான் வயலில் இறங்குவார் அப்பா. அதை இங்கேயும் தூக்கிக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்பா, விமானம் உங்க பஞ்சாங்கத்தைப் பாத்துக்கிட்டா கிளம்புது? இதை விட்டா வேற டிக்கெட் இல்லைங்கப்பா.”

“சரி சரி, கத்தாதே. நான் பாத்துக்கறேன்.”

அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை நான் ஆபீஸில் இருந்தபோது அப்பா பரஸ்தானம் வைத்துவிட்டார். நல்ல வேளையில் பயணப் பையை அடுத்த வீட்டில் கொண்டு போய் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. இங்கே எதிர் வீட்டில் இருந்தது ஒரு ஜெர்மன் நர்ஸ் அம்மாள். அப்பா ஆகாயத்தைக் காட்டி, பையைக் காட்டி, கும்பிட்டிருக்கிறார். ஊருக்குப் போய்த் திரும்புகிறவரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார் என்று அந்த அம்மாள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு விஷயம் தெரிந்தது வியாழக்கிழமை விடிகாலையில், வாசலில் செருப்பு மாட்டும்போது. எதிர் வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் எப்போதோ டியூட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

“போனா போகுது, துணிதானே. வாங்க,” என்றேன்.

அப்பா நகரவில்லை. “பாஸ்போர்ட்டும் அதுலதாம்மா இருக்கு. பயணத்துக்கு வேணுங்கிற பொருள் இருந்தாத்தானே அது பரஸ்தானம்?”

இரண்டு பேர் பாஸ்போர்ட்டும். அம்மாவுடையதும் அப்பாவிடம்தான் இருக்கும். பேங்க் பாஸ்புக்கும் பீரோ சாவியும் இருப்பதைப் போல. அம்மா புது ஷூவோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்பாவிடம் கத்தினேன். அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன். அதற்குள் விமான நிலையத்துக்குப் போகிற ரயில் போயிற்று, அதன் பின்னால் விமானமும் போயிற்று. அன்று பகல் முழுக்க வேறு டிக்கெட் தேடினேன். நான் தேடத் தேட விலை ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

சாயங்காலம் எதிர் வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போய்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி மேஜைமேல் வைத்த அப்பா, அம்மாவைப் பார்த்து, “தடங்கல் வந்ததும் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க. அடுத்த தடவை கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றார்.

அம்மா எழுந்து வந்து பையைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் துழாவித் தன்னுடைய பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்தார்.

“இது இனிமே எங்கிட்டயே இருக்கட்டுங்க.”