கபடிக்காரன் கோச் ஆனால்

நீளம் தாண்டினேன், ஈட்டி எறிந்தேன், வாலிபால் ஆடினேன், கபடியில் மாவட்ட அணி வரை போனேன். எதையும் முழுசாகச் செய்யவில்லை என்பது என் அப்பாவின் தீர்ப்பு. நாற்பது வயதில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச் ஆனேன். இதையாவது பாதியில் விடக்கூடாது என்று வைராக்கியம்.

முதல் நாளே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. வந்த பெண்கள் அத்தனை பேரும் அறுப்பு முடிந்த வயலில் கபடி ஆடி வளர்ந்தவர்கள். எதிராளி பந்தோடு வந்தால் பந்தைப் பார்க்க மாட்டார்கள், கணுக்காலைத்தான் பார்ப்பார்கள். ஒரு மாதம் அவர்கள் கைகளைத் துண்டால் பின்பக்கம் கட்டி ஓடவிட்டேன்.

பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவையும் முதல் ரவுண்டுல தோத்தீங்கன்னா ஃபுட்பாலை எடுத்துருவோம் சார். கபடி போதும்."

தஞ்சாவூரில் முதல் ரவுண்டு ஆட்டம். கடைசி நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு எங்கள் கோலை நோக்கிப் பாய்ந்தாள். எங்கள் டிஃபெண்டர் ஒரே தாவாகத் தாவி அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். விசில், சிவப்பு அட்டை, பெனால்டி, கோல். எல்லாம் முடிந்தது.

வேனில் ஏறியதிலிருந்து அவளைத் திட்டினேன். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு மாசம் கையைக் கட்டியும் புத்தி வரலையே!" கண்டியூர் தாண்டியும் நிறுத்தவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். கோல்கீப்பருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. லைன்ல நின்னுக்கிட்டு 'புடி, காலைப் புடி, விட்றாத'ன்னு கத்துனது நீங்கதான்."

"நானா?"

"ஆமா சார், வேன் வரைக்கும் கேட்டுச்சு" என்றார் டிரைவர்.

என் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. அதுவரை திட்டித் திட்டிக் கட்டிய தொண்டை என்றே நினைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை.

பிரின்சிபாலிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், ஆனாலும் கால்பந்தை எடுத்துவிட்டார். கபடிக்கு என்னையே கோச்சாகப் போட்டார்.

முதல் நாள் பயிற்சிக்கு அந்த டிஃபெண்டர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"இங்க எவ்வளவு வேணா கத்துங்க சார்" என்றாள்.