புன்ஹீ அக்கா படுத்துப் பார்த்த வீடு

புன்ஹீ அக்காவுக்கு மரியாதை தெரியாது என்று எங்கள் மேட்டுத் தெருவில் சொல்லாதவர் கிடையாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் காட்டிய இடத்தில் உட்கார வேண்டும் இல்லையா? அவள் உட்கார மாட்டாள். செருப்போடு காலுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு அறையின் மூலை மூலையாக நடப்பாள். பிறகு எல்லோர் முன்னாலும் குப்புறப் படுத்து, தரையில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். வீடு விற்கிறவர்கள் அவளைக் கண்டாலே கதவைச் சாத்தப் பார்ப்பார்கள்.

இஞ்சொன் துறைமுகத்துக்கு மேலே இருந்த அந்த மேட்டில், அப்போது எல்லா வீட்டிலும் தரைதான் கணப்பு. அடுக்களையில் துளை போட்ட கரிவில்லையைப் பற்றவைத்தால், சூடும் புகையும் அறைத் தரைக்கு அடியில் கல் பாவிய வழிகளில் ஓடி, எதிர்ச்சுவர்ப் புகைபோக்கி வழியாக வெளியே போகும். அடுப்பை ஒட்டிய பக்கம் சுடும். கடைசிப் பக்கம் சில்லென்று கிடக்கும். விருந்தாளி வந்தால் அடுப்புப் பக்கம்தான் உட்கார வைக்க வேண்டும். வீட்டு ஆம்பளைக்கும் அந்த இடம்தான். அவர் வேலை முடிந்து வரும்வரை சோற்றுக் கிண்ணத்தைக்கூட அங்கேதான் போர்வையில் சுற்றி வைப்போம். இப்போது நான் இருக்கிற அடுக்குமாடியில் எங்கே தொட்டாலும் ஒரே சூடு. சௌகரியம்தான், ஆனால் யாருக்கும் நல்ல இடத்தை விட்டுக்கொடுக்க வழியே இல்லை.

வீடு பார்க்க வந்தவர்களையும் அந்தச் சூட்டிலேதான் உட்கார வைப்பார்கள், மடியில் போர்வையும் கையில் பார்லித் தண்ணீருமாக. அடியில் சுகமாகச் சுடும்போது எழுந்து போய் மற்ற மூலையைத் தொட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? "நல்ல சூடான வீடு" என்று பல்லை இளித்துவிட்டு வருவார்கள். குடிபோன பிறகுதான் பாதி அறை பனிக்கட்டி என்று தெரியும். என் சொந்தச் சித்தப்பாவே அப்படி ஏமாந்தவர்தான். கேட்டால், "எழுந்து நடந்தா அவங்க மனசு கோணாதா?" என்பார். அட, போங்கள் சித்தப்பா!

குளிரையாவது இன்னொரு போர்வை போட்டுச் சமாளிக்கலாம். கரிப்புகையை என்ன செய்வது? அதில் இருக்கிற நச்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தரையில் விரிசல் விட்டு, அதன்மேல் தரைக்கு ஒட்டுகிற எண்ணெய்த்தாளைப் புதிதாக ஒட்டிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் படாது. கல்யாணமான புதிதில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அப்படி ஒரு அறைக்குத்தான் குடிபோனார்கள். ஒரு காலையில் அக்கா கண் விழித்தாள், அவர் விழிக்கவில்லை. முற்றத்தில் கிடத்தி, முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அதற்குப் பிறகு அவள் தனி ஆளாக வலை பின்னிப் பிழைத்தாள். தெருவில் யார் வீடு வாங்கப் போனாலும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கூடப் போனாள்.

எங்கள் முறையும் வந்தது. நானும் என் வீட்டுக்காரர் தொக்பேயும் மூத்தவனோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வயிற்றில் இரண்டாவது. வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் நின்று, "ஒரு பிள்ளையோட சத்தமே தாங்கல. ரெண்டாவது பொறக்குறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைக்காரிக்கு அந்தக் காலத்தில் யார் அறை கொடுப்பார்கள்? பனி விழுவதற்குள் எங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தெருதான்.

அப்போதுதான் ஹாம் வீட்டம்மாவின் வீடு விலைக்கு வந்தது. படகுத் தச்சரின் விதவை. அறுபதுகூட ஆகவில்லை. இரண்டு அறை, சொந்தக் கிணறு, வாசலில் நின்றால் கடல். தேஜொன் நகரத்தில் இருக்கிற மகன் சீக்கிரம் விற்றுவிட்டு வரச் சொன்னதால் எங்களுக்கு எட்டுகிற விலைதான். போய்ப் பார்ப்பதற்கு முன்பே ஊறுகாய்ச் சாடிகளை எங்கே வைப்பது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஹாம் அம்மா என்னையும் தொக்பேயையும் அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம் கொடுத்தார். "மொதல்ல பையனா?" என்று கேட்டார். பையன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மொதல்ல பொண்ணாம்மா?" என்றார். பையன் என்று மறுபடியும் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாரு, இதான் என் லட்சணம். புத்தி கலங்கிப்போச்சு. அதான் மகன் தனியா விடமாட்டேங்கறான்." பிறகு அக்காவைப் பார்த்தார். "நீயும் வாம்மா, இங்கதான் நல்லா சுடும்."

"நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருங்கம்மா. நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்," என்றாள் அக்கா.

"ஆரம்பிச்சாச்சு," என்று தொக்பே என் காதில் முணுமுணுத்தார். "கூட்டிட்டு வராதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"சும்மா இருங்க!" என்று அவர் தொடையில் கிள்ளினேன். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

அக்கா கடைசிப் பக்கம் போய்ப் படுத்தாள். கன்னத்தை வைத்தாள். "இங்கயும் வெதுவெதுன்னுதான் இருக்கு," என்றாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படுத்தபடியே அவள், பீரோ ஓரமாக மடித்து வைத்திருந்த மெத்தையைப் பார்த்தாள்.

"இது யாரு படுக்கைம்மா?"

"என்னோடதுதான்."

"தனியாத்தானே இருக்கீங்க? அவ்வளவு சூடான எடம் சும்மா கெடக்கு, இந்தக் கோடியில வந்து ஏன் படுக்கிறீங்க?"

ஹாம் அம்மா எங்களைத் தாண்டி அந்த இடத்தைப் பார்த்தார். "அது அவரு எடம்மா. அவரு போயிட்டாருன்னு நான் அதுல காலை நீட்டிக்க முடியுமா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "காலையில தலை வலிக்குமா?"

"வலியா? மண்டையைப் பொளக்கும். வாந்தி வர்ற மாதிரி இருக்கும். வயசாச்சுல்ல?"

"வெயில் காலத்துல?"

"அப்ப ஒண்ணும் கெடையாது. குளுரு வந்தாத்தான்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. ஒரு பிடி வைக்கோல் கேட்டு வாங்கி, கிணற்றடியில் நனைத்து, அடுப்பில் கரிவில்லையின் மேல் வைத்து மூடினாள். ஈர வைக்கோலின் புகை வெளுப்பாகத் தெரியும், மணமும் தூக்கும். நாங்கள் அறையில் சுவரோரமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பீரோவுக்குப் பின்னாலிருந்து மெல்லப் புகை எழும்பியது. தொக்பே பீரோவை நகர்த்தினார். அது ஹாம் அம்மாவின் கல்யாணச் சீர். நல்ல நாள் பார்க்காமல் பெரிய சாமான்களை நகர்த்த மாட்டோம் என்பதால், தரைக்குத் தாள் ஒட்டியவர்கள் அதைச் சுற்றியே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடியில் விரல் நுழைகிற விரிசல். அந்த அம்மா தலைவைக்கிற இடத்துக்கு நேராக.

"நல்லதாப் போச்சு," என்றார் தொக்பே மெதுவாக. "இதைச் சொல்லியே விலையைக் கொறைச்சுடலாம். கல்லைப் பேத்துப் பூசினா முடிஞ்சது." எனக்கும் உள்ளுக்குள் குதியாட்டம்தான். வீடு கிடைத்த மாதிரியே.

அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாம் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. உங்களுக்குப் புத்தியும் கலங்கல, ஒண்ணும் கலங்கல. ராத்திரியெல்லாம் இந்த நஞ்சைக் குடிச்சிருக்கீங்க. இதை அடைச்சு, நல்லாக் காயவிட்டு, அப்புறம் அடுப்பை மூட்டுங்க. தலையெல்லாம் தன்னால தெளிஞ்சிடும்."

"அப்போ நான் கிறுக்கி இல்லையா?"

"இல்லம்மா."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. "மகன் சொன்னான், மருமக சொன்னா. நானும் நம்பிட்டேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோ தாயி. நான் விக்கல."

மேட்டிலிருந்து பாதி இறங்கும்வரைதான் பொறுத்தேன். பிறகு அடக்க முடியவில்லை. "நீ யாருக்காக்கா வந்தே? எனக்கா, அந்த அம்மாவுக்கா? வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிருந்தா அவங்க உசுருக்கு என்ன கொறச்சல்? விரிசலை நாங்க பூசியிருக்க மாட்டோமா? ஒரு வார்த்தை சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதா முடிஞ்சிருக்குமே!"

அக்கா நின்றாள். "உசுரோட இருந்திருப்பாங்கதான், யாங்சுக். ஆனா நல்ல புத்தியை வச்சுக்கிட்டு, தன்னைக் கிறுக்கின்னு நெனச்சுக்கிட்டே மருமக வீட்டு மூலையில உக்காந்திருப்பாங்க. சாகறவரைக்கும்."

"அப்போ நான்? இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எங்க போவே? என் ரூமுக்கு வா. இதையெல்லாம் கேக்கணுமா, கழுதை."

போனோம். வேறு போக்கிடம் எங்கே? அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே போர்வைக்கு அடியில் நாலு பேரும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தோம். மூத்தவன் அக்காவின் வலை நூலையெல்லாம் சிக்கலாக்குவான், தொக்பே குறட்டை விடுவார், அக்கா அவரைக் காலால் உதைப்பாள். இப்போது அந்த மேடும் இல்லை, அவளும் இல்லை. என் மகள் அந்த அறையில்தான் பிறந்தாள், அடுப்புப் பக்கத்தில்.