காப்புக் கட்டின கையால எழுதின மனு

கேப் ஓட்டறவனுக்கு ரோடு தெரிஞ்சா போதும்னு நினைச்சுடாதீங்க, புள்ளைக்கு ஸ்கூல் சீட்டு போச்சுன்னா மனு எழுதவும் தெரிஞ்சிருக்கணும். எட்டாம் கிளாஸ் சீட்டுக்காக அலைஞ்ச அப்பா அம்மாவுங்களே, உங்ககிட்டதான் சொல்றேன், வேற யாருக்குப் புரியும்!

என் பொண்ணு யமுனா படிச்ச ஸ்கூல்ல ஏழாவது வரைக்கும்தான். ஈஜிபுராவுல எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஒரு கேர்ள்ஸ் ஹைஸ்கூல். லிஸ்ட்ல அவ பேரு வந்துச்சு. சொன்ன தேதியில போய்ச் சேக்கல, சீட்டை எடுத்துட்டாங்க. அது கிடைக்கலன்னா, புள்ள தினம் தனியா சில்க் போர்டு நெரிசல்ல பஸ் மாறி வேற ஸ்கூலுக்குப் போகணும். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட மனு குடுங்கன்னாங்க.

முதல் மனு

என் வண்டியில தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. கம்பெனிக்கு வர்ற ஈரோட்டுப் பையன் கார்த்திக். மேம்பாலம் ஏறினதும் என் மனுவை வாங்கிப் படிச்சான். "லீவ் லெட்டர் மாதிரி இருக்குங்ண்ணா"ன்னு சொல்லிட்டு, டோல் வர்றதுக்குள்ள லேப்டாப்புல புதுசா ஒண்ணு அடிச்சான். வரிக்கு வரி புள்ளி வெச்சு, பிரச்சனை, பாதிப்பு, தீர்வுன்னு தலைப்பு போட்டு, ஒரு ஸ்கூல் சர்வரே படுத்துட்ட மாதிரி இருந்துச்சு.

நல்ல பையன். இறங்கும்போது தோள்ல தட்டிக் குடுத்தான். "ரெண்டு நாள்ல ரிப்ளை வரலன்னா, அவங்க மேனேஜரை காப்பியில போட்டு எஸ்கலேட் பண்ணிடுங்கண்ணா!"

ரெண்டாவது மனு

அதே வண்டியில வர்ற ரூபா மேடம் கன்னடக்காரங்க, தமிழும் பேசுவாங்க. ஏன் சேக்கலன்னு கேட்டாங்க. ஊர்த் திருவிழான்னேன். "அய்யோ, திருவிழா பேடா டிரைவர், வேணாம், டெங்குன்னு போடுங்க"ன்னு கன்னடத்துல அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கே என் மேல பாவமா இருந்துச்சு, அவ்வளவு உருக்கமான டெங்கு.

வீட்டுக்கு வந்து யமுனாகிட்ட குடுத்தேன். படிச்சுட்டு என்னையே பாத்தா. "டெங்குல படுத்திருந்தவரு தீ மிதிக்கிற வீடியோவை அந்த ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப்புலயே போட்டீங்களேப்பா!"

எழுத வெக்கப்பட்ட மனு

நடந்தது இதுதான். திருவண்ணாமலைப் பக்கம் எங்க ஊரு. தீ மிதிக்க நான் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினவன் திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த நேரம் பாத்து ஸ்கூல்லேருந்து என் ஃபோனுக்கு மெசேஜ் வந்துச்சு, நாளைக்கே வந்து சேத்துடுங்கன்னு. "நானும் பாப்பாவும் பஸ் ஏறிடறோம்"னா என் வீட்டுக்காரி செல்வி. நான்தான் பெரிய இவனாட்டம், "அங்க போய் நீ என்ன பேசப் போற? ரெண்டு நாள் கழிச்சு நானே வந்து பாத்துக்கறேன்"னு தடுத்துட்டேன்.

இதை மட்டும் எந்த மனுவுலயும் எழுதல. ரொம்ப வெக்கமா இருந்துச்சுங்க. கடைசியில தமிழ்லயே நாலு வரி எழுதினேன்: காப்புக் கட்டினது நான், போறேன்னவளை அனுப்பாம விட்டதும் நான், தப்பு என் மேல, என் பொண்ணைத் தண்டிக்காதீங்க. செல்வி கையில குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சா, மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. "நாளைக்கு நானும் வரேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

ஆபீஸ் ரூம்ல

ஹெட்மிஸ்ட்ரஸ் தமிழ் படிப்பாங்க. அவங்க மனுவைப் படிச்சுட்டு இருக்கும்போதே, சீட்டு எல்லாம் ரொம்பிடுச்சுன்னு கிளார்க் கன்னடத்துல சொன்னாரு. நான் தலையாட்டினேன். செல்வி ஆட்டல. எட்டு வருஷமா பி.ஜி. ஹாஸ்டல்ல சமைக்கிறவ. அங்க பெட் ரொம்பிடுச்சும்பாங்க, சாப்பாட்டுக்குத் தட்டு எண்ணினா ரெண்டு குறையும். அவ கன்னடத்துல கேட்டா, "பேர் குடுத்தவங்க எல்லாரும் கிளாஸுக்கு வந்துட்டாங்களா சார்?" இத்தனை சரளமா அவ கன்னடம் பேசி நான் கேட்டதே இல்ல. கேட்டிருந்தாத்தானே!

கிளார்க் அட்டென்டன்ஸைப் புரட்டினாரு. ஒரு பொண்ணு முதல் நாள்லேருந்தே வரல. அங்கேயே ஃபோன் போட்டாரு, அவங்க குடும்பத்தோட மைசூருக்குப் போயிட்டாங்களாம், சீட்டு வேணாம்னுட்டாங்க. யமுனா என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போட்டுட்டு, மனுவை என்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. "காப்பு உங்க கையிலதானே கட்டினாங்க, இவங்க காலையுமா கட்டிப் போட்டாங்க?"

இப்பெல்லாம் காப்புக் கட்டறது நான், ஸ்கூல் மெசேஜ் வர்ற ஃபோன் நம்பர் செல்வியோடது.