முடி கிடந்த வழி

சேந்தமங்கலத்தில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எதிரே சலூன்காரர் முடியைக் கூட்டி வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நரை, கறுப்பு, சாயம் போட்ட செம்பட்டை எல்லாம் கலந்த குவியல். மண்ணை மோந்துகொண்டே வருகிற காட்டுப்பன்றியின் மூக்கில் இது ஏறினால் தும்மிக்கொண்டே ஓடாதா? ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க அம்மிணி, சவுரி கட்டி விக்கறீங்களா?”

“பன்னிக்குங்க.”

“பன்னிக்குச் சவுரியா!” அவரும், பாதி முகம் நுரையோடு நாற்காலியில் இருந்தவரும் சிரித்த சிரிப்பு நான் பஸ் ஏறும்வரை ஓயவில்லை. ஆனாலும் ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தார்.

பன்றி விஷயத்தில் இது என் மூன்றாவது யோசனை. முதலில் மாமாவின் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினேன். கொஞ்ச நாள் பயந்தன. பிறகு சிறுத்தை உறுமலை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த கிழங்கைத்தான் முதலில் தின்றன. “உன் சிறுத்தைக்குத் துணைக்கு உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்குது கண்ணு” என்றார் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்த காலத்திலும் அவர் விவசாயிதான். கொல்லிமலையில் சாமை அறுப்பு எப்போதோ அப்போதுதான் லீவு கேட்பாராம். “மற்றவனெல்லாம் கல்யாணத்துக்குக் கேட்கிறான், நீ சாமைக்குக் கேட்கிறாய்” என்று அதிகாரி திட்டுவாராம். காஷ்மீர் மலையில் நடந்த சண்டையில் பனி கடித்து இடது காலில் இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு பஞ்சாப் எல்லையில், கோதுமை வயல்களில் கண்ணிவெடி புதைக்கிற வேலை. பதற்றம் தணிந்ததும் புதைத்ததை எடுக்கிற வேலை. சண்டையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த வயல்களைப் பற்றி மட்டும் ஒரு தடவை சொன்னார்: “விதைக்க முடியாம காட்டுக்காரங்க வரப்புலயே நிப்பாங்க கண்ணு. நமக்கு டீ கொண்டாந்து குடுப்பாங்க. அந்த மூஞ்சியத்தான் பாக்க முடியாது.”

இன்று காலை மஞ்சு இன்னும் கலையவில்லை. நாளை மறுநாள் ஜவ்வரிசி ஆலை லாரி வருகிறது. அன்றைக்கே பெண்கள் இறங்கிக் கிழங்கு பிடுங்க வேண்டும். அதுவரை காட்டைக் காப்பாற்றினால் போதும். நான் சாக்கோடு இறங்கி, ஓரத்துச் செடிகளின் ஊடே கைப்பிடி கைப்பிடியாக முடியை உதறிக்கொண்டே போனேன். பாதி தூரம் போயிருப்பேன், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் ஓடி வந்து சட்டென்று நின்றார்.

“என்னங்ண்ணா?”

“ஒண்ணுமில்லீங்க அம்மிணி. என்ன பண்றீங்க?”

“முடி போடறேங்க. உங்க காட்டுக்கும் போடட்டுங்களா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கிக்கொண்டே நின்றார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் காலைச் சுற்றியிருந்த மண்ணில் இருந்தது. நான் அடுத்த பிடியை அள்ளினேன்.

“கண்ணு. நில்லு. கால எடுக்காத.”

மாமா. கத்தவில்லை. வாய்க்கால் பக்கம் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, பக்கத்துக் காட்டுக்காரரின் மூஞ்சியை.

“எத்தன வெச்சே?” என்றார் அவரிடம்.

“ஒண்ணுதாங்ண்ணா. என் காட்டு ஓரத்துலதான் வெச்சேன். விடியக்காலம் எடுக்கப் போனா காணோம். வெடிக்கவும் இல்ல. பன்னி மூக்காலயே தள்ளிக்கிட்டு இந்தப் பக்கமா வந்துருக்குது.”

அவுட்டுக்காய். மாவு உருண்டைக்குள் நாட்டு வெடி. பன்றி கடித்தால் தாடை போகும்; மிதித்தால் கால் போகும். மாடு அவிழ்க்கும் முன்னே வைத்தவரே பொறுக்கிவிட வேண்டும் என்பது இங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டாத வழக்கம். அவரும் பொறுக்கத்தான் வந்திருக்கிறார். காணாமல் போனதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் போலீஸ் வழக்கு.

என் உள்ளங்கையில் யாரோ ஒருவரின் முடி ஈரமாக ஒட்டிக் கிடந்தது. காட்டில் எந்த மண்கட்டியைப் பார்த்தாலும் உருண்டையாகத் தெரிந்தது.

“மாமா, எந்தப் பக்கம் வாரதுங்க?”

“முடி கெடக்குதில்ல? அது நீ மிதிச்ச எடம். அது மேலயே திரும்பி வா. மெதுவா. வேற எங்கயும் வேண்டாம்.”

வந்தேன். செம்பட்டை, நரை, கறுப்பு. வேறு எதையும் பார்க்காமல் வந்தேன். வரப்பில் ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன்.

வெடியை ஊறப்போட மாமா வாளியில் தண்ணீர் மொண்டு வந்தார். அதைப் பக்கத்துக் காட்டுக்காரரின் கையில் கொடுத்தார்.

“நீங்க எடுத்துருங்ண்ணா. உங்களுக்குப் பழக்கம்.”

“வெச்சவந்தான் எடுக்கணும். வா, நானும் வாரேன்.”

இருவரும் முடி கிடந்த வழியிலேயே உள்ளே போனார்கள். முன்னால் விந்திக்கொண்டு மாமா, பின்னால் வாளியோடு அவர். “மாமா, நீங்களாவது வெளிய வாங்க!” என்று நான் கத்தினேன். மாமா திரும்பவில்லை. முடி முடிகிற இடத்தில் இருவரும் குந்தினார்கள். செடி செடியாக அடியை உற்றுப் பார்த்தார்கள். பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் கையை நீட்டிக் காட்டினார். நான் அடுத்த பிடியை உதறிவிட்டுக் கால் வைத்திருக்கக்கூடிய இடம். ஒரு தண்டின் அடியில், இலைச்சருகில் பாதி மறைந்து கிடந்தது.

“கை நடுங்குதுங்ண்ணா.”

“நடுங்கட்டும். நின்னதுக்கப்புறம் எடு. நமக்கென்ன அவசரம்?”

மாமா இன்னும் நெருங்கி, தோளோடு தோள் உரசும்படி உட்கார்ந்துகொண்டார். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை அதனால்தான் மாமா திரும்பவில்லையோ என்னவோ.

தண்ணீரில் அது இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. இருவரும் எழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் மாமாவின் கையைப் பிடித்தார். “வெளிய தெரிய வேண்டாங்ண்ணா.”

“ஊட்டுல மிச்சம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அதத் தொடாத. நாளைக்கு முத பஸ்ல ஸ்டேசனுக்குப் போய்ச் சொல்லுவோம். அவங்களே வந்து எடுக்கட்டும். நானும் கூட வாரேன்.”

“உள்ள போட்ருவாங்களேண்ணா.”

“போடலாம்.” மாமா பொய் சொல்லவில்லை. “நாளன்னைக்கு இந்தக் காட்டுல பொம்பளைங்க எறங்கணும். ஒண்ணுதான் வெச்சேங்கறே. அத நம்பி நான் அவங்கள எறக்கணும்னா, நீ அங்க வந்தும் அதையே சொல்லணும்.”

பக்கத்துக் காட்டுக்காரர் தன் காட்டைத் திரும்பிப் பார்த்தார். “பன்னி என்னுதையும் தின்னுபோடுமேண்ணா” என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

“அந்த மசுரு இன்னும் கெடைக்குமா கண்ணு?”

கிடைக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் இரண்டு சலூன்கள் இருக்கின்றன. நாளை முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் மலை இறங்குகிறோம். அவர்கள் ஸ்டேசனுக்கு, காலிச் சாக்குகளோடு நான் சலூன்களுக்கு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முடிக்குப் பன்றி பயப்படுமா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. சாயங்கால பஸ்ஸில் பக்கத்துக் காட்டுக்காரர் திரும்பினால் அவர் காட்டை அவரே சுற்றி வரட்டும், நான் சாக்கைப் பிடிக்கிறேன். திரும்பாவிட்டால் முதல் சாக்கு அவர் காட்டுக்கு. மிச்சம் இருந்தால் எங்களுக்கு.